பார்த்தவர் மட்டும் பேசலாம்

ஏற்காட்டில் பந்தாட்டம் பார்க்கிறவர்களுக்குக் கண்ணை விடக் காது முக்கியம். இதைக் கீழே சேலத்தில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். டிசம்பர் மாதம் எங்கள் மைதானத்தின் மேல்மேட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் சிரிப்பு தன்னால் நின்றுவிடும். ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பக்கத்துக் கோல் கம்பங்களும் பளிச்சென்று தெரியும். பாதி ஆட்டத்தில் பள்ளத்திலிருந்து பனி ஏறும். முதலில் தூரத்துக் கம்பம் போகும். பிறகு ஆட்டக்காரர்கள் போவார்கள். கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் குல்லா மட்டும் மிஞ்சும். அதற்காக யாரும் எழுந்து வீட்டுக்குப் போக மாட்டோம். கீழே கோட்டோரம் மைக் பிடித்தவர் சொல்லச் சொல்ல, மேலே நாங்கள் கத்திக்கொண்டிருப்போம்.

நான் ஒண்டிக்கடை முக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. மிஷன் பள்ளி ஹாஸ்டலில் படித்த காலத்தில், பக்கத்து ஆண்கள் பள்ளி மைதானத்தைச் சுவரேறிப் பார்த்துத் தொற்றிக்கொண்ட வியாதி இது. கல்யாணம், பிள்ளைகள், கடை எதுவும் அதைக் குணப்படுத்தவில்லை. ஆட்டம் பார்க்கும் எங்கள் செட்டில் நான் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் ஜீப் ஓட்டுகிறவர், பேக்கரிக்காரர், எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பத்துப் பேர் இருப்பார்கள். எனக்கு டீ வாங்கித் தருவார்கள், வாதாடினால் காது கொடுப்பார்கள். ஆனால் எங்காவது கிளம்பும்போது ஜீப்பில் மட்டும் எனக்கு இடம் இருக்காது. பொம்பளை எதற்கு என்பார்கள். அது எனக்கு எப்போதும் எரிச்சல்தான். ஒரே ஒரு முறை மட்டும் அந்த ஜீப்பில் நான் இல்லாமல் போனதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்தாட்டத்தோடு சம்பந்தப்பட்ட யார் இறந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல்மேட்டில் கூடுவோம். டிவியில் மட்டும் பார்த்த வெளிநாட்டுக்காரராக இருக்கலாம். ஊர்ப் பையன்களை விரட்டி விரட்டி ஆட வைத்த பி.டி. மாஸ்டராக இருக்கலாம். எங்கள் டோர்னமெண்டைப் பற்றிப் பேப்பரில் நாலு வரி எழுதிப் போட்ட நிருபராக இருக்கலாம். கூடியவர்கள் இறந்தவரைப் பற்றி ஆளுக்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சட்டம், நேரில் பார்த்ததை மட்டும்தான் சொல்லலாம். கேள்விப்பட்டதை எடுத்துவிட்டால் உட்கார வைத்துவிடுவோம். டிவியில் பார்த்தது நேரில் பார்த்ததாகுமா என்று ஒருமுறை சட்டை கிழியும் அளவுக்குச் சண்டை வந்தது. ஆகும் என்று தீர்ப்புச் சொன்னோம். இல்லாவிட்டால் வெளிநாட்டுக்காரர்களுக்காக அழ எங்களில் ஆளே இருந்திருக்காது.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் எங்கள் மைக்காரர். பகலில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவர். ஆட்டமென்றால் காசு வாங்காமல் மைக்கோடு வந்துவிடுவார். "பாத்தவன் பேசோணும், கேட்டவன் கேக்கோணும்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், பனி இறங்கிய பிறகு அவரும் எதையும் பார்த்ததில்லை. பந்தில் கால் படும் சத்தம், வலை அதிரும் சத்தம், எந்த டீம்காரன் முதலில் கத்துகிறான் என்பது, இவற்றை வைத்தே ஆட்டத்தைச் சொல்லிவிடுவார். அது எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் நம்பினோம். அவர் சொல்லாவிட்டால் எங்களுக்கு ஆட்டமே இல்லையே.

கொஞ்ச காலமாக எங்கள் செட்டுக்கு வேலை அதிகமாகிவிட்டது. முதலில் பி.டி. மாஸ்டர் போனார். அடுத்த வருஷம் நிருபர். போன மழைக்காலத்தில் மைக்காரரே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு முறையும் மேட்டில் உட்கார்ந்து பார்த்ததைப் பேசினோம், டீ குடித்தோம், கலைந்தோம். வயதானவர்களின் சாவு அது. வருத்தம் இருந்தாலும் தாங்கிக்கொள்ள முடிந்தது. அதன் பிறகு, காப்பிப் பழம் பறிக்கும் சமயத்தில், எங்கள் ஃபார்வர்டு இறந்தான்.

அவனுக்கு முப்பது கூட ஆகவில்லை. எஸ்டேட்டில் மரம் ஏற்றும் வேலை. அவனைப் பற்றி இந்த மலையில் யாரைக் கேட்டாலும் ஒரே ஒரு கோலைத்தான் சொல்வார்கள். சில வருஷங்களுக்கு முன் கிறிஸ்துமஸ் லீவில் நடந்த ஃபைனல். எங்களுக்கும் பக்கத்து ஊரான வாழவந்தி டீமுக்கும் ஆட்டம். டீமுக்கு ஒரு கோல் போட்டிருந்த நிலையில் பனி இறங்கியது. ரெஃப்ரி நிறுத்திவிடலாம் என்றார். இரண்டு டீமும் ஒத்துக்கொள்ளவில்லை. மைதானம் முழுக்க வெள்ளை. மைக்காரர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "பந்து நம்ம பையன்கிட்ட இருக்குதுங்க, போறான், போறான், ஒருத்தனைத் தாண்டிட்டான்" என்று சொல்லிக்கொண்டே வந்த குரல் திடீரென்று நின்றது. பந்து அடிபடும் சத்தம் ஒன்று. வலை சிலிர்க்கும் சத்தம் ஒன்று. அதற்குப் பிறகுதான் "கோல்!" என்று ஸ்பீக்கர் கிழிந்தது. நானும் அந்தக் குளிரில் செருப்பைத் தொலைக்கும் அளவுக்குக் குதித்தேன். நாங்கள் கோப்பை வாங்கியது அந்த ஒரு வருஷம்தான். அதனால் அந்தக் கோலை அதற்குப் பிறகு எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று கணக்கே கிடையாது.

அவனுடைய அப்பா ஒரு எஸ்டேட் பங்களாவின் வாட்ச்மேன். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஒரே மகன். பங்களா முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள், ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். அதனால் மகன் ஆடி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. கோப்பையோடு மகனை ஜீப்பின் மேல் நிறுத்தி ஊர்வலம் போனபோதும் அவர் கேட் பக்கத்திலிருந்துதான் கை காட்டினார்.

விபத்து நடந்தது சில்வர் ஓக் மரங்களை லாரியில் ஏற்றும்போது. ஒரு மரம் கயிற்றிலிருந்து நழுவி உருண்டு அவனுடைய வலது காலின் மேல் நின்றது. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எல்லாம் நொறுங்கியிருந்தது. காலை எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் விஷம் உடம்பில் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லி, அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டார். அந்த நேரத்தில்தான் எங்கள் செட் ஜீப்பில் போய் இறங்கியது.

நான் அங்கே இல்லை. அன்று மாலையே அவர்கள் பேக்கரிக்கு வந்து பெருமையாகச் சொன்னதைக் கேட்டேன். ஜீப்காரர் பெஞ்சில் உட்காரக்கூட இல்லை. "கையெழுத்துப் போட உட்டமா பாத்தீங்களா! அது என்ன சும்மா காலுங்களா? ஃபைனல்ல கோல் போட்ட காலுங்க, தங்கக் கால். அதை வெட்டிட்டா அவன் உசுரோட இருந்து என்னத்துக்குன்னு அவங்கப்பன்கிட்டக் கேட்டுப்போட்டு வந்தோம். கோயமுத்தூருக்குக் கொண்டு போயி வேற டாக்டரைப் பாக்கலாம்னு சொல்லிட்டு வந்திருக்கறோமுங்க."

"டாக்டர் சொன்னதைக் கேக்காம நீங்க என்னடா டாக்டருக்கு மேல டாக்டரு?" என்று கேட்டேன்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதுங்க. சும்மா இருங்க" என்றார்.

வேறு டாக்டரும் வரவில்லை, கோயமுத்தூருக்கும் போகவில்லை. அவர்கள் திரும்பி வந்த பிறகு அவன் அப்பா ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் காய்ச்சல் ஏறிய பிறகு கையெழுத்துப் போட்டார். காலை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. அந்த வாரமே அவனை வெள்ளைத் துணியில் சுற்றி மலைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். கையெழுத்தை ஒரு நாள் முன்னால் போட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்லை. ஆனால் பிழைத்திருப்பான் என்றுதான் அவன் அப்பா நினைத்தார். செட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடக்கத்தில் எல்லாரையும் விடச் சத்தமாக அழுதவர் ஜீப்காரர். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை அவர் அழுகை பாதியாகக் குறைத்துவிட்டது. முழுதாகக் குறைக்கவில்லை.

அஞ்சலிக் கூட்டத்தை இந்த முறை மேட்டில் வைக்காமல் மைதானத்திலேயே வைத்தோம். பெரிய ஃபிளெக்ஸ். பந்தின் மேல் வலது காலை வைத்துக்கொண்டு அவன் நிற்கும் படம். கோப்பை வாங்கிய அன்று போட்டோகிராஃபர் சொன்னபடி நின்று எடுத்துக்கொண்டது. அதன் கீழே 'தங்கக் கால் தங்கமே, கண்ணீர் அஞ்சலி' என்று போட்டிருந்தார்கள். முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் அப்பாவை உட்கார வைத்திருந்தார்கள். காக்கிச் சட்டையிலேயே வந்திருந்தார்.

ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். ஜீப்காரர்தான் முதலில். "என் ரெண்டு கண்ணால பாத்தனுங்க. வலது கால்ல ஒரே அடி. பந்து போனதே தெரியல" என்றார். அடுத்து பேக்கரிக்காரர். அவரும் வலது கால். ரைட்டர் ஒரு படி மேலே போய், வலது காலின் கட்டைவிரல் பக்கமாக அடித்தான் என்றார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், அன்றைக்கு மூடி கிடைத்தாலும் போட்டிருக்க மாட்டேன், அவ்வளவு துக்கத்தோடு பேசினார்கள். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. இத்தனை வருஷமாக அந்தக் கோலைச் சொல்லும்போதெல்லாம் "அடிச்சான் பாருங்க" என்றுதான் சொல்வோம். எந்தக் காலால் என்று யாரும் சொன்னதில்லை. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளிலிருந்துதான் அந்தக் கோலுக்கு வலது கால் முளைத்தது. இழந்த காலைப் பெரிதாக்கிப் பேசுவது மரியாதை என்று அவர்கள் நினைத்தார்கள். ஒவ்வொரு முறை வலது கால் என்ற வார்த்தை வரும்போதும் அந்த அப்பா தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

என் முறை வந்தது. "அந்தக் கோலை நான் பார்க்கலீங்க. காதுல கேட்டதோட சரி" என்றேன். கூட்டம் முணுமுணுத்தது. "நான் பாத்ததைச் சொல்றேன். ஃபைனல் அன்னைக்கு ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேட்டுக்குப் பின்னால போயி வாந்தி எடுத்தான். நான் தண்ணி பாட்டில் குடுத்தேன். எல்லா ஃபைனலுக்கும் இப்பிடித்தானுங்கக்கா, யார்கிட்டயும் சொல்லிறாதீங்கன்னான். இப்பச் சொல்லிட்டேன்." அவ்வளவுதான் பேசினேன். செத்தவனைப் பற்றிப் பேசும் பேச்சா இது என்று ஜீப்காரர் முறைத்தார். ஆனால் அவன் அப்பா முதல்முறையாகத் தலை தூக்கி என்னைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் என் கடைக்கு வந்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் போகும்வரை வாசலில் நின்றார். ஸ்டூலைப் போட்டேன், உட்காரவில்லை.

"ஏனுங்க அம்மிணி, நீங்க சொன்னது நெசமுங்க. பள்ளிக்கூடத்துல பரிச்சைன்னாலும் அவனுக்கு அப்பிடித்தான் வரும்" என்றார். "அதனாலதான் உங்ககிட்டக் கேக்கலாம்னு வந்தனுங்க. அன்னைக்கு ஜீப்புல வந்தவங்கள்ல நீங்க இல்லீங்க."

"சொல்லுங்கண்ணா."

"அந்தக் கோலை எந்தக் கால்ல அடிச்சானுங்க?"

எனக்கு உடனே புரியவில்லை. அவர் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு, பழக்கமில்லாத வேலையைச் செய்கிறவர் போல மெதுவாகச் சொன்னார். "டாக்டரு சொன்னதும் கையெழுத்துப் போடப் பேனாவைக் கையில வாங்கிட்டனுங்க. இவிய எல்லாம் ஜீப்புல வந்து, கோல் போட்ட கால் அது, விட்டுறாதீங்கன்னாங்க. எனக்குப் பந்தைப் பத்தி என்னங்க தெரியும். நொம்பப் பேரு பாத்தவங்க சொல்றாங்களேன்னு பேனாவைக் கீழ வெச்சுட்டேன். அந்தக் கால்தான்னா ஒரு ஞாயம் இருக்குதுங்க. புள்ளை அவ்வளவு ஆசை வெச்ச காலு, அதுக்கோசரம் ஒரு ராத்திரி பொறுத்துப் பாத்தேன்னு நெனச்சுக்குவேன். அந்தக் கால் இல்லீன்னா..." பலகையிலிருந்து கையை எடுத்தார். "அப்ப அது சும்மா நடக்கற காலுதானுங்களே அம்மிணி. சும்மா நடக்கற காலுக்கா என் பையனைக் குடுத்தேன்?"

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது. பங்களா கேட் சாவி தன்னிடம் இருக்கிறது என்று சொல்லி அவர் கிளம்பிப் போனார்.

அன்று மாலையே பேக்கரியில் சண்டையை ஆரம்பித்தேன். எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் அந்த அப்பாவுக்கு மட்டுமில்லை, இவர்களுக்கும் வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சின மாதிரி ஆகும் என்று தோன்றியது.

"வலதுதானுங்கக்கா, இதுல என்ன சந்தேகம்?" என்றார் ஜீப்காரர்.

"நீ அப்ப எங்க நின்ன?"

"உங்க பக்கத்துலதானுங்க."

"என் பக்கத்துல நின்னவனுக்கு என் குல்லாதானடா தெரிஞ்சிருக்கும்? கோல் கம்பம் எங்க தெரிஞ்சுது?"

அவர் ரைட்டர் பக்கம் கை காட்டினார். ரைட்டர், தான் கீழே கோட்டோரம் நின்றதாகச் சொன்னார். அன்று அவர் குளிர் தாங்காமல் பேக்கரியில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டதாகப் பேக்கரிக்காரரே காட்டிக்கொடுத்தார். அப்படியே ஒவ்வொருவராக விசாரித்ததில் ஒரு விஷயம் உறுதியானது. அந்தக் கோலை எங்கள் ஊரில் ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்ன மைக்காரரும் பார்க்கவில்லை, கேட்டார். அவரும் போய்விட்டார். பார்த்தவன் மட்டும் பேசலாம் என்று சட்டம் வைத்திருந்த செட்டின் லட்சணம் இது. அப்போதுதான் எனக்கு வாழவந்தி கோல் கீப்பர் ஞாபகம் வந்தது. பந்து அவனைத் தாண்டித்தானே உள்ளே போனது.

மறுநாள் கடையை மூடிவிட்டு வாழவந்திக்குப் பஸ் ஏறினேன். அவன் வாசலில் காப்பிக் கொட்டையைக் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தான். இப்போது ஆடுவதில்லை, கொஞ்சம் நிலம், கொஞ்சம் மிளகு என்று குடும்பஸ்தனாகிவிட்டான். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தான். இறந்தவனைப் பற்றி விசாரித்தான், அடக்கத்துக்கு வர முடியாமல் போனதற்கு வருத்தப்பட்டான். நான் கேட்டதும் யோசிக்கவே இல்லை.

"இடதுங்கக்கா."

"நல்லாப் பாத்தியா தம்பி? பனி இருந்துச்சே."

"எனக்கு முன்னால கைக்கெட்டற தூரத்துல வந்து நின்னானுங்க. அது வரைக்கும் ஆளே தெரியலீங்க, திடீர்னு பனியில இருந்து வந்தான். இடதை ஓங்கறதைப் பாத்தேன், அந்தப் பக்கம் சாஞ்சேன், விரல்ல பட்டுட்டு உள்ள போயிருச்சு. இன்னும் கனவுல வருதுங்க." கிளறிக்கொண்டிருந்த கட்டையைக் கீழே வைத்தான். "அவன் இடதுகால்காரனுங்கக்கா. சாதாரணமா ரெண்டுலயும் அடிப்பான். நெருக்கடின்னு வந்தா இடதுதான். எங்க டீம்ல எல்லாருக்கும் தெரியும். அவனை வலது பக்கமாவே தள்ளி ஆடோணும்னு எங்க கோச்சு சொல்லிச் சொல்லித்தான் அனுப்புவாரு. ஏனுங்க, உங்க ஊர்க்காரங்களுக்கு இது தெரியாதுங்களா?"

எனக்கு அவமானமாக இருந்தது. வருஷக்கணக்காக அவன் பேரைச் சொல்லிக் கத்தினோம், அவனுக்காகத் தொண்டை கட்டினோம், வெயிலடித்த நாளிலும் பார்த்திருக்கிறோம், எந்தக் கால்காரன் என்று கவனிக்கவில்லை. பந்தைப் பார்த்தோம், கோலைப் பார்த்தோம். அவனைப் பார்த்தவர்கள் எதிர் டீம்காரர்கள்தான். நான் அவன் அப்பா கேட்டதை முழுதாகச் சொன்னேன், ஜீப்பில் போனவர்கள் சொன்னதையும் சொன்னேன். கீப்பர் கட்டையை எடுத்து மறுபடி காப்பிக் கொட்டையைக் கிளற ஆரம்பித்தான்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டான்.

"தெரியல சாமி" என்றேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதும் தெரியவில்லை. பொய் சொன்னால் என்ன, ஒரு வார்த்தைதானே என்று ஒரு வளைவில் தோன்றும். அவர் ஊரையே நம்பாமல் என்னை நம்பி வந்தவர், அவரிடம் பொய்யா என்று அடுத்த வளைவில் தோன்றும். அதற்குப் பிறகு அவர் இரண்டு தடவை கடைப் பக்கம் வந்தார். ஒரு தடவை கரண்ட் இல்லை என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை இன்னும் விசாரிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் நினைவாக ஒரு ஆட்டம் வைப்பது என்று செட்டில் முடிவானது. எங்களுக்கும் வாழவந்திக்கும். அவனுடைய பூட்ஸைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு பேக்கரிச் சுவரில் மாட்டுவது என்றும் முடிவு. ஜீப்காரரே சேலத்துக்குப் போய்ப் பெட்டி செய்து வாங்கி வந்தார். ஆட்டம் நடந்த அன்று பனியே இல்லை. இரண்டு கம்பங்களும், அவற்றுக்கு அப்பால் மரங்களும், மைதானத்தில் மேயும் குருவிகளும்கூடத் தெரிந்தன. பங்களா முதலாளியிடம் லீவு கேட்டு, முதல்முறையாக அவன் அப்பா மைதானத்துக்கு ஆட்டம் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை.

நேராக என்னிடம்தான் வந்தார். "விசாரிச்சீங்களா அம்மிணி?"

செட் முழுக்க சுற்றி நின்றுகொண்டிருந்தது. வாழவந்தி டீமும் நின்றது, அவர்களோடு வந்த பழைய கீப்பரும் நின்றான். தைரியம் இல்லாமல்தான் செய்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். கீப்பரைக் கை காட்டி, "இந்தத் தம்பிதாங்கண்ணா அன்னைக்குக் கோல்ல நின்னவரு. பாத்தவரு இவரு ஒருத்தர்தான்" என்றேன்.

அவர் அவன் பக்கம் திரும்பினார். மகன் வயதுதான் இருக்கும் அவனுக்கு. "சொல்லுங்க தம்பி. எந்தக் காலுங்க?"

கீப்பர் என்னைப் பார்க்கவில்லை. ஜீப்காரரைப் பார்க்கவில்லை. அந்தப் பெரியவர் முகத்தை மட்டும் பார்த்தான். "வலதுங்க" என்றான். "வலது கால்லதானுங்க அடிச்சாரு. என் கண்ணு முன்னாலதானுங்க."

"பாத்தீங்களா, நாங்க அன்னைக்கே சொல்லலீங்களா!" என்று ஜீப்காரர் கத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு அந்த ஆளைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அவரோ கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இத்தனை நாள் தூக்கம் இல்லை என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையால் கீப்பர் எத்தனை பேரை அவிழ்த்துவிட்டான் என்று நினைத்தேன். பார்த்த ஒரே ஆளும் இனிமேல் பார்த்ததைச் சொல்ல முடியாது.

அப்பா கண்ணை மூடி மூச்சு விட்டார். "அது போதுங்க" என்றார். கீப்பரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு துணிப்பைக்குள் கையை விட்டுத் தேடி, வலது கால் பூட்ஸை எடுத்து ஜீப்காரரிடம் கொடுத்தார். ஜீப்காரர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பூட்ஸின் முன்பக்கத்துத் தோல் அதிகம் தேயாமல், கம்பெனிக் கோடு கூட அழியாமல் இருந்தது. அதைப் பெட்டிக்குள் வைத்து மாலை போட்டு ஆளாளுக்கு போட்டோ எடுத்தார்கள்.

"ஏனுங்கண்ணா, ஜோடியா வெச்சாத்தானுங்க நல்லா இருக்கும். இன்னொன்னையும் குடுங்க" என்றார் பேக்கரிக்காரர்.

"இடதுங்களா? அது ஊட்டுலயே கெடக்கட்டுங்க" என்றார் அப்பா. "அது நுனியில நொம்பத் தேஞ்சு பிஞ்சு போச்சு. ரெண்டு மூணு தடவை நாந்தான் ஒக்காந்து தச்சுக் குடுத்தேன், தைக்கத் தைக்கப் பிச்சுட்டு வந்து நிப்பான். காட்சிக்கு வெக்கற மாதிரி இல்லீங்க."

கீப்பர் சட்டென்று திரும்பித் தன் டீம் பக்கம் நடந்தான். அப்பா இன்னும் ஒரு பூட்ஸ் அளவுக்குப் புடைத்திருந்த பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டம் எப்போது தொடங்கும் என்று என்னிடம் கேட்டார்.